ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம்

மும்பைக்குப் போகிறேன், எங்கே தங்கலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: தாதர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ரூம் போடுங்கள். கடல் பார்த்த ஜன்னல் வேண்டும் என்பவர்கள் மரீன் டிரைவுக்குப் போகட்டும். விமானம் பிடிக்கிற அவசரக்காரர்களுக்கு அந்தேரி இருக்கிறது. ஊரைப் பார்க்க வந்தவருக்கு, அதிலும் தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் வந்தவருக்கு, தாதரை விட்டால் தோதான இடம் கிடையாது. மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் ஒட்டி நிற்கிற ஸ்டேஷன் அது. சர்ச்கேட்டுக்கும் சி.எஸ்.எம்.டி.க்கும் அங்கிருந்தே வண்டி. சென்னையிலிருந்து வரும் மெயில் நின்று போகும். திருநெல்வேலி, புதுச்சேரி வண்டிகள் தாதரோடு முடிந்துவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் ஓட்டல்.

முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். முன்பு இரண்டு ரயில்வேக்கும் தனித்தனியாக ஒன்றாம் நம்பர் பிளாட்பாரம் இருந்தது. ‘ஒன்றாம் நம்பரில் நில்’ என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு ஒன்றாம் நம்பரில் காத்திருந்த கதைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. 2023 டிசம்பரில் அதைச் சீர்செய்துவிட்டார்கள். மேற்கு ரயில்வேக்கு 1 முதல் 7, மத்திய ரயில்வேக்கு 8 முதல் 14.

இந்த முறை நான் தங்கியது கிழக்குப் பக்கம், தாதர் டி.டி. சந்திப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பெரிய ஓட்டல். நூறு அறைகளுக்கு மேல் இருக்கும். ஆடம்பரம் கிடையாது, அழுக்கும் கிடையாது. இரண்டு கட்டில், ஒரு கெட்டில், சுவரில் டி.வி., வெள்ளை விரிப்பு. பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க வழியிருக்காது. மும்பையில் அந்த வாடகைக்கு அவ்வளவு இடம் தருவதே பெரிது. ஜன்னலை இழுத்துச் சாத்தினாலும் தண்டவாளத்துச் சத்தம் மெலிதாக உள்ளே வரும். இரவு ஒரு மணி வாக்கில் கடைசி லோக்கல் போனபிறகு அடங்கி, நாலு மணிக்கு மறுபடி தொடங்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். ஊர் வேலைக்குக் கிளம்பிவிட்டது என்று தெரிந்து எழுந்துகொள்வதில் ஒரு சுறுசுறுப்பு இருக்கிறது.

இந்த மாதிரி ஓட்டலின் முகம் அதன் லாபிதான். காலை எட்டு மணிக்கு அங்கே உட்கார்ந்திருந்தால் யார் யாருக்கு இந்த ஊர் தேவைப்படுகிறது என்று தெரியும். மாதிரிப் பையோடு மருந்துக் கம்பெனிக்காரர்கள். கல்யாணத்துக்கு வந்து பட்டுப்புடவையோடு வாடகைக் காருக்குக் காத்திருக்கும் பெண்கள். இவர்களுக்கு நடுவே, கையில் பெரிய ஸ்கேன் கவரோடு, எதுவும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள். அவர்கள் பரேலில் உள்ள டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்தவர்கள். 1941-ல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியைத் தேடி நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பரேல் தாதருக்கு அடுத்த ஸ்டேஷன். வசதி இல்லாதவர்களுக்கு தாதரிலேயே காட்கே மகராஜ் தர்மசாலை இருக்கிறது. கொஞ்சம் கையில் உள்ளவர்கள் இப்படி ஓட்டலில் ரூம் எடுக்கிறார்கள்.

என் பக்கத்து ரூமில் வங்காளத்திலிருந்து வந்த ஒரு தம்பதி. கணவருக்கு வைத்தியம். மனைவி தினமும் காலையில் பஃபேயிலிருந்து இரண்டு இட்லியை ஒரு கிண்ணத்தில் எடுத்து, மேலே கொண்டுபோகலாமா என்று சைகையில் கேட்பார். அங்கே பரிமாறுகிற பையன் கிண்ணத்தை வாங்கி, இட்லி ஆவியாக வரும்வரை காத்திருந்து, புதிதாக நாலு எடுத்து வைத்து மூடித் தருவான். சட்டினி வைக்கமாட்டான். காரம் ஆகாது என்று எப்போதோ கேட்டு வைத்திருக்கிறான். வேலூரில் சி.எம்.சி.க்கு எதிரே உள்ள லாட்ஜுகளில் வங்காள எழுத்தில் போர்டு தொங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். நம் ஊருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களை இப்படி யாராவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று மனசார நினைத்துக்கொண்டேன்.

வாடகையோடு காலைச் சாப்பாடு சேர்த்திதான். ஆனாலும் நான் அங்கே சாப்பிடவில்லை. ஒரு ஸ்டேஷன் தள்ளி மாட்டுங்கா இருக்கும்போது ஓட்டல் பஃபேயில் சாப்பிடுவது நியாயமில்லை. மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு ஒரு பெருமை உண்டு. 2017 ஜூலையிலிருந்து டிக்கெட் கவுன்டர், காவல், அறிவிப்பு என்று அத்தனை வேலையும் பெண்கள் கையில். புறநகர் ஸ்டேஷன்களில் அப்படி நடந்தது அங்கேதான் முதலில். கிழக்கே இறங்கினால் பூக்கடைகள், வாழை இலைக்கட்டு, முருங்கைக்காய், சேப்பங்கிழங்கு. கொஞ்ச தூரத்தில் 1939-லிருந்து நடக்கிற ராம் ஆஷ்ரயா. விடியற்காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள். அன்றன்றைக்கு என்ன உண்டு என்று போர்டில் எழுதிப் போட்டிருக்கும். நெய் மினுங்குகிற அன்னாசிப்பழக் கேசரியை அவர்கள் ஷீரா என்கிறார்கள். பேர் எதுவாக இருந்தால் என்ன, அதற்காக ஐந்தரைக்கு எழுந்திருக்கலாம். சாம்பாரில் வெல்லத்தின் இனிப்பு தட்டும். கைப்பக்குவம் உடுப்பியுடையது, தஞ்சாவூருடையது அல்ல. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

இந்தப் பேட்டையே ஒரு கொள்ளைநோயின் விளைவு. 1896-ல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெருக்கடியான சந்துகளில் ஆட்கள் செத்து விழுந்தபிறகு, 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்து, வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகலமான தெருக்களும் பூங்காக்களுமாகத் திட்டம் போட்டார்கள். காற்றும் மர நிழலும் இன்றைக்கும் அங்கே இருப்பது அதனால்தான். தெருக்கள் போட்டு வீடுகள் எழும்பிய காலத்தில், டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்த பையன்கள் தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்தார்கள். கல்யாணமாகாத பையன்களுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? அதற்காக வந்தவைதான் மெஸ்களும் போர்டிங்குகளும்.

மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டிய மார்க்கெட் கட்டடத்தின் மாடியில் உள்ள ராமா நாயக்கின் உடிப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942-ல் தொடங்கியது. இன்றும் இலைச் சாப்பாடு. டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார வேண்டும். சமையல்கட்டுக்குள் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அங்கே காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர். அறுபதுகளின் தொடக்கத்தில் கும்பகோணத்திலிருந்து வந்தவர். ஆறு பேராக ஒரு அறையில் இருந்தார்களாம். “அப்போ ரூம்னு சொன்னா ரூம் இல்லே சார். ஒரு டிரங்குப் பெட்டி வெக்கற எடம், ராத்திரி பாய் போடற எடம். ஒருத்தன் நைட் ஷிப்ட் போனா இன்னொருத்தன் கால நீட்டிப் படுப்பான்” என்றார். முதல் தேதி சம்பளம் வந்ததும் மெஸ்ஸுக்குக் கட்டிவிட்டு, மிச்சத்தை ஊருக்கு மணியார்டர். 1966-ல் சிவசேனை தொடங்கியதைத் தொடர்ந்து தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய கூச்சலில் ஓட்டல்கள் மேல் கல் விழுந்த காலத்தையும் அவர் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பலாம் என்று தோன்றவில்லையா என்று கேட்டேன். “திரும்பி என்ன சார் பண்றது? வேலை இங்கேன்னா இருந்தது” என்றார்.

அந்தப் பையன்கள் தங்கியதால்தான் மற்றதெல்லாம் வந்தது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல் வந்தது. இன்று சென்னையில் தெருவுக்குத் தெரு தெரிகிற கிரி டிரேடிங் 1951-ல் பிறந்தது மாட்டுங்காவில்தான். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஷண்முகானந்தா அரங்கம் 1963-ல் எழுந்தது. 1990-ல் தீயில் எரிந்தது. விடாமல் மறுபடி கட்டி 1998-ல் திறந்தார்கள். குடும்பம் பெருகியபோது செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று தள்ளித் தள்ளிப் போனார்கள். பெரியவர் இப்போது செம்பூர்வாசி. சேடா நகர் முருகன் கோயிலின் 108 படிகளை ஏற முழங்கால் விடுவதில்லை, கீழேயே நின்று கும்பிடுகிறேன் என்றார். மாட்டுங்காவுக்கு வந்து இலைபோட்டுச் சாப்பிடுவதை மட்டும் விடவில்லை.

மாட்டுங்காவிலிருந்து அடுத்த ஸ்டேஷன் சயான். மேற்குப் பக்கம் இறங்கினால் தாராவி. என் சித்தி அங்கேதான் இருக்கிறார், தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். கையில் ஆரெம்கேவி பையும் அல்வாவுமாகப் போய் நின்றேன். முதல் கேள்வியே, “எங்க ய்யா எறங்குன?” ஓட்டல் என்றதும் முகம் மாறிவிட்டது. “சித்தி வீடு இருக்கையில காசக் குடுத்து ரூம் எடுத்திருக்க. நாங்க என்ன இல்லாமலா போயிட்டோம்?” என்றார். அதை அவர் மனதாரச் சொன்னார், எனக்கும் உறைத்தது.

ஆனால் அந்த வீட்டை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். பத்துக்குப் பதினைந்து அறை, மேலே தகரம் போட்ட ஒரு பரண். சித்தப்பா தோல் ஷாப்பில் வேலைக்கு வந்தவர். தாராவியில் தோல் பதனிடுகிற தொழில் 1887-லிருந்தே உண்டு; திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாக அதற்கு ஆட்கள் போனார்கள். தமிழர்கள் கட்டிய பிள்ளையார் கோயில் 1913-லேயே அங்கே வந்துவிட்டது. இறைச்சிக்கூடம் 1971-ல் தேவநாருக்குப் போனபிறகு பதனிடுகிற வேலை குறைந்து, பை, பெல்ட், ஜாக்கெட் தைக்கிற கடைகள் மிஞ்சின. அந்த அறைக்கு ஊரிலிருந்து வராதவர் இல்லை. வேலை தேடி வந்தவன், கப்பலுக்குப் போகிறவன், வளைகுடா விசாவுக்கு மெடிக்கல் பார்க்க வந்தவன். வந்தவர்களுக்குப் பாயை விரித்துக் கொடுத்துவிட்டு சித்தப்பாவும் அவர் மகனும் வெளியே சந்தில் கயிற்றுக்கட்டிலில் படுப்பார்கள். மழைக்காலமென்றால் பக்கத்துக் கடையின் சாய்ப்பு. சித்தி நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்தால்தான் விருந்தாளி குளிக்க முடியும். எத்தனை பேர் அந்த வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பினார்கள் என்ற கணக்கை யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

மாட்டுங்காவின் போர்டிங்குகளைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதியிருக்கின்றன. நானும் இங்கே எழுதிவிட்டேன். மும்பைத் தமிழர்களில் பெரும்பங்குக்குத் தங்குமிடம் தந்தவை தாராவியின் இந்த ஒற்றை அறைகள் என்பதுதான் என் கட்சி. அவற்றுக்குப் பெயர்ப்பலகை இல்லை, டோக்கன் இல்லை, முக்கியமாக வாடகை இல்லை. உழைப்பெல்லாம் சித்தி மாதிரிப் பெண்களுடையது. அதை மறுபடியும் அவர் தோளில் ஏற்றவேண்டாம் என்றுதான் நான் ரூம் எடுத்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தம் கூடும். அன்று பகல் முழுக்க அங்கேயே இருந்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார்.

வாசல் நிலைக்கு மேலே பெயின்டில் ஒரு நம்பர் எழுதியிருந்தது. மறுசீரமைப்புக்கான சர்வே நம்பர். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிக்கிறவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. மேல்மாடிகளில் இருப்பவர்களுக்கு வெளியே வேறு ஏற்பாடு என்பது திட்டம். சித்தியிடம் தாள்கள் இருக்கின்றன. பழைய ரேஷன் கார்டையும் கரண்ட் பில்லையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். மேலே பரணில் வாடகைக்கு இருக்கிற விழுப்புரத்துக் குடும்பத்துக்கு என்ன வழி என்பதுதான் அவர் கவலை. “அவ புள்ளைக ரெண்டும் இந்த ஸ்கூல்லதான படிக்கி. எங்கயோ கொண்டு விட்டா என்ன செய்வா?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. திட்டம் போடுகிறவர்கள் சொல்லவேண்டிய பதில் அது.

கிளம்புகிற நேரத்தில் தம்பி, சித்தி மகன், வேலையிலிருந்து வந்தான். தை பிறந்ததும் அவன் தங்கைக்குக் கல்யாணம், சயானில் மண்டபம் பார்த்திருக்கிறார்கள். பொங்கலுக்குத் தாராவித் தெருவில் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவதைப் பார்க்கவே ஊரிலிருந்து நாற்பது பேர் முன்கூட்டி வருகிறார்களாம். “அண்ணே, நீங்க தங்கியிருக்க ஓட்டல்ல பத்து ரூம் சேத்து எடுத்தா என்ன ரேட் சொல்லுவான்?” என்று கேட்டான். சித்தி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார். நாற்பது பேரை எங்கே படுக்கவைப்பது என்ற கணக்கு அவருக்கும் தெரியும். “ரூம் எடுங்க. சோறு மட்டும் நம்ம வீட்டுலதான்” என்றார்.

இரவு ஓட்டலுக்குத் திரும்பியதும் ரிசப்ஷனில் விசாரித்தேன். பத்து ரூம் என்றால் விலை குறைத்துத் தரலாம், ரூமுக்கு ஒரு கூடுதல் மெத்தை இலவசம், பாதிப் பணம் முன்பணம் என்று அந்தப் பெண் தாளில் எழுதிக் கொடுத்தாள். போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. பெரியவர்கள் பத்துப் பேருக்காவது லிப்ட் பக்கமாக ரூம் கிடைக்குமா என்று கேட்டிருந்தான். அதையும் கேட்டேன். இரண்டாம் மாடியில் லிப்டை ஒட்டி மூன்று ரூம் உண்டு, இப்போதே பெயர் கொடுத்தால் எழுதி வைக்கிறேன் என்றாள். சித்தியின் பெயரைக் கொடுத்தேன்.