மாரா ஆற்றங்கரையில் இரண்டு நாள்



நைரோபியில் மகள் வீட்டிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. "டீச்சர், மாடு ஆறு தாண்டுறது டிவியில காட்டுற மாதிரித்தானா?" என்று இதுவரை எத்தனை பேர் கேட்டீர்கள் என்று கணக்கில்லை. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஒரு பக்கக் கட்டுரைக்கே முனகியவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளலாம்.

டிவியில் காட்டுவது மாதிரி இல்லை. டிவியில் முதலைதான் வில்லன். நேரில் போய்ப் பார்த்தால் முதலை கொல்வது கொஞ்சம்தான்.

போனது ஆகஸ்டில். நைரோபியிலிருந்து நாரோக் என்ற ஊர் வழியாக மசாய் மாராவுக்கு ஐந்தாறு மணி நேரப் பயணம். வழியில் கரும்பலகையில் நான் எத்தனையோ முறை சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டிய பிளவுப் பள்ளத்தாக்கு, மேகத்துக்குக் கீழே படுத்துக் கிடந்தது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். எங்கள் வண்டி ஓட்டுநர் ஒரு மசாய் இளைஞர். என்னை "மாமா, மாமா" என்று கூப்பிட, எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுவாஹிலியில் மாமா என்றால் அம்மாவாம்! நான் ஆசிரியை என்று மகள் சொன்னதும் "ம்வாலிமு" என்று மாற்றிக்கொண்டார். ம்வாலிமு என்றால் ஆசிரியர். தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். கடைசிவரை மக்கள் அவரை ம்வாலிமு என்றுதான் அழைத்தார்கள். எனக்கு இரண்டு நாளும் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

இந்த விலங்குக்கு ஆங்கிலத்தில் வைல்டபீஸ்ட் என்று பெயர். நூ என்றும் சொல்வார்கள். மாட்டின் கொம்பு, குதிரையின் வால், ஆட்டுக்கிடாயின் தாடி. கடவுள் மிச்சம் மீதியை வைத்துச் செய்தது போல இருக்கும். மான் இனத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய விலங்கு. ஆனால் எட்டு வயதுப் பேரன் முதல் பார்வையிலேயே "தாடிமாடு" என்று பெயர் வைத்துவிட்டான். எனக்கும் அது பிடித்துவிட்டது. இனி அப்படியே எழுதுகிறேன். அறிவியல் ஆசிரியர்கள் மன்னிக்கவும்.

தாடிமாடுகள் ஜனவரி முதல் மார்ச் வரை தான்சானியாவில், செரெங்கெட்டியின் தென்பகுதிப் புல்வெளியில் கன்று ஈனும். அங்கே உள்ள மண் எரிமலைச் சாம்பல் விழுந்து உண்டான மண். அந்தக் குட்டைப் புல்லில் பால் சுரக்கத் தேவையான சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் நிறைய உண்டு. பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரத்துக்குள் பிறந்துவிடும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நின்றுவிடுகிறது. மழை நின்றதும் தெற்கே புல் காய்ந்துபோகும், தண்ணீரும் இருக்காது. அந்தப் பரப்பு முழுவதிலும் கோடையிலும் வற்றாமல் ஓடுவது மாரா ஆறு ஒன்றுதான். அதனால் கூட்டம் வடக்கே வருகிறது. கூடவே வரிக்குதிரைகளும் வரும்.

ஒரே ஒரு முறை ஆற்றைத் தாண்டினால் முடிந்தது என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. ஜூலை முதல் அக்டோபர் வரை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பலமுறை போய் வருமாம். எங்கே மழை பெய்து புல் துளிர்க்கிறதோ அங்கே. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதை நம் ஊரில் பழமொழியாகச் சொல்கிறோம். அங்கே அது பிழைப்பு.

எத்தனை தாடிமாடுகள் என்று கேட்டால், 13 லட்சம் என்று பல காலமாகச் சொல்லிவந்தார்கள். அண்மையில் செயற்கைக்கோள் படங்களை வைத்து எண்ணியவர்கள் 6 லட்சத்துக்கும் குறைவு என்கிறார்கள். உண்மையில் குறைந்துவிட்டதா, எண்ணும் முறை மாறியதால் வந்த வித்தியாசமா என்று அவர்களுக்குள் பேச்சு நடக்கிறது.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்குக் கரையை அடைந்தோம். தேநீர் நிறத்தில் ஆறு. நீர்யானைகள் பாறை போலக் கிடந்தன. எதிர்க்கரை மணலில் முதலைகள் வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்தன. கூட்டம் கரைக்கு வந்தது, நின்றது, மோந்து பார்த்தது, திரும்பிப் போனது. மறுபடி வந்தது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அச்சு அசல் அதுதான். இருட்டும்வரை இருந்தும் ஒன்றுகூடத் தாண்டவில்லை. வெளிநாட்டவருக்கு அந்தப் பருவத்தில் பூங்காக் கட்டணம் ஒரு நாளைக்கு 200 டாலர். அன்று இரவு சாப்பிடும்போது மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்குக் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஆயிரமா, ஐயாயிரமா தெரியாது. எல்லாம் சேர்ந்து முனகுகிற சத்தம், பெரிய கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்று கேட்பது போல இருந்தது. கரையில் ஓரிடத்தில் சரிவான பாதை ஒன்று, ஆண்டாண்டாகக் குளம்பு பட்டுத் தேய்ந்தது. முன்னால் நின்ற சிலது அதில் பாதிவரை இறங்கின. எங்கள் ஓட்டுநர் வண்டியை நன்றாகப் பின்னால், ஒரு புதரோரம் நிறுத்தியிருந்தார். கூட்டம் இறங்க ஆரம்பித்த பிறகே வண்டிகள் கரைக்குப் போகலாம், அதுவரை விலகி நிற்க வேண்டும் என்பது அங்கே முறை. ஆனால் ஒரு வண்டி நகர்ந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் முப்பதுக்கும் மேல் கரையோரம் வரிசை கட்டிவிட்டன. கூரையைத் திறந்து ஆட்கள் எழுந்து நின்று, போனைத் தூக்கிப் பிடித்து, ஒரே கூச்சல்.

"அத்தை, எல்லாரும் முன்னாடி போறாங்க. நாமளும் போகலாமா? இங்கேருந்து ஒண்ணும் தெரியாது" என்றார் மாப்பிள்ளை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்காகத்தான் அவ்வளவு செலவு செய்திருந்தார். ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். வண்டியில் மூத்தவள் நான்தானே.

நான் அதுவரை மாடுகளைப் பார்க்கவில்லை, அவற்றின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் காது முழுக்க ஆற்றுப் பக்கம் இருந்தது. வண்டிகள் நெருங்க நெருங்க, காது ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் திரும்பின. வகுப்பறை வாசலில் அதிகாரி வந்து நின்றால், விடை தெரிந்த பிள்ளைகூட என் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்க்கும். முப்பத்து நான்கு வருடம் பார்த்த விஷயம் அது. "வேண்டாம் மாப்பிள்ளை, இங்கேயே இருப்போம்" என்றேன். ஓட்டுநர் என்ஜினை அணைத்தார்.

பின்னால் நின்றதால் முழுக்க நடந்தது எங்களுக்குத் தெரிந்தது. ஒரு வண்டி இன்னும் நல்ல இடம் தேடி அந்தச் சரிவுப் பாதையின் தலைப்பிலேயே குறுக்கே போய் நின்றது. இறங்கிக்கொண்டிருந்தவை அரண்டு திரும்பின. பின்னால் வந்தவை தள்ளின. கூட்டம் மேற்பக்கமாக ஓடி, கரை செங்குத்தாக இருக்கும் இடத்துக்குப் போய்விட்டது. அங்கே ஒன்று குதித்தது. அவ்வளவுதான், தண்ணீரைத் திறந்துவிட்டது போல மற்ற எல்லாம் குதித்தன. வீட்டுக் கூரை உயரம் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன.

பெரிய மாடுகள் நீந்தி அக்கரை சேர்ந்தன. ஆனால் அந்த இடத்தில் எதிர்க்கரையும் செங்குத்து. ஏற முடியாமல் சரிந்து சரிந்து கீழே வந்தன. அவ்வருடத்துக் கன்றுகள், ஆறு மாதப் பிள்ளைகள், ஏற முயன்று பெரியவற்றின் காலடியில் போயின. முதலை பிடித்தது என் கண்ணுக்குத் தெரிந்து ஒன்றைத்தான். மூழ்கியவற்றை நான் எண்ணத் தொடங்கி, இருபதுக்கு மேல் நிறுத்திவிட்டேன். எல்லாம் ஓய்ந்த பிறகு அக்கரை சேர்ந்த ஒரு தாய், கத்திக்கொண்டே மேலும் கீழும் ஓடியது. பிறகு தனியாக ஆற்றில் இறங்கி எங்கள் கரைக்கே திரும்பி வந்தது. கன்றைத் தவறவிட்ட தாய்கள் இப்படித் திரும்பி வருவது உண்டு என்றார் ஓட்டுநர். அது கரையேறி, வண்டிகளுக்கு நடுவே நின்று கத்தியது. கூரையில் நின்றவர்கள் அதையும் படம் பிடித்தார்கள்.

பேரன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாச்சி, ஏன் யாருமே காப்பாத்தல?" என்றான்.

இரவு முழுக்க அதற்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். இயற்கையின் விதி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதிதான் உண்மை. மறுநாள் காலை திரும்பும் வழியில், ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒரு திருப்பத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். "குழந்தைக்கு எதுக்கும்மா அது" என்று மகளுக்குத் தயக்கம். வரட்டும் என்றேன்.

நாற்றம் முன்னாலேயே வந்தது. உடல்கள் உப்பிப் பாறைகளில் ஒதுங்கிக் கிடந்தன. மேலே கழுகுக் கூட்டம், பெருநாரை மாதிரி மாராபூ என்ற மொட்டைத்தலைப் பறவைகள். பேரன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கேள்விகூட விடாமல் கேட்டான். மாரா ஆற்றில் 2001 முதல் 2015 வரை ஆய்வு செய்தவர்களின் கணக்கை மகள் போனில் எடுத்துத் தந்தாள். ஆண்டுக்குச் சராசரியாக 6,250 மாடுகள் மூழ்கிச் சாகின்றன. எடை 1,100 டன். முதலைகள் தின்பது இதில் நூற்றுக்கு இரண்டு பங்குதான்! மீதியில் கழுகும் மாராபூவும் தின்பது போக, பெரும்பகுதி ஆற்றிலேயே கரைந்து மீனுக்குப் போகிறது. எலும்பு கரைய ஏழு வருடம் ஆகுமாம். எரிமலைச் சாம்பலில் விளைந்த புல்லின் பாஸ்பரஸ், மாட்டின் எலும்பில் ஏறி இவ்வளவு தூரம் நடந்து வந்து, ஏழு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்குப் போகிறது. அறிவியல் பாடத்தில் சுழற்சிப் படத்துக்கு அம்புக்குறி போடுவோமே, அதன் ஒரு அம்பு என் முன்னால் நாறிக்கொண்டு கிடந்தது. மொத்தக் கூட்டத்தில் மூழ்குவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வண்டி ஒன்றுமே இல்லாத காலத்திலும் மூழ்கித்தான் இருக்கும்.

"அப்போ சரியா அம்மாச்சி?" என்றான். "ஆறு எடுத்துக்கிட்டது ஆத்துக்கு. நேத்து வண்டி குறுக்க நின்னதாலே போனது அப்படி இல்ல" என்றேன். அவனுக்குப் புரிந்தது. எட்டு வயதில் புரிகிறதுதான், பெரியவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

ஓட்டுநரிடம் பேசிக்கொண்டே வந்தேன், மகள் மொழிபெயர்த்தாள். சிங்கத்தின் பக்கம் ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆற்றங்கரையில் அத்தனை வண்டிகள் சேர்ந்தால் ஒரு வனக்காவலர் என்ன செய்வார்? குறுக்கே போய் நின்ற அந்த ஓட்டுநரையும் அவர் திட்டவில்லை. வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் "முன்னால் போ" என்பார்கள், போகாவிட்டால் இனாம் கிடையாது, நிறுவனத்துக்குப் புகார் வேறு போகும் என்றார். மசாய்க்காரர்களுக்கு மாடுதான் சொத்து, அதனால் பேச்சு மாட்டு நோய்க்குப் போனது. 1890களில் வந்த நோயில் அவர் முன்னோரின் மாடுகள் ஏறக்குறைய எல்லாம் செத்து, பஞ்சத்தில் மக்களும் செத்தார்களாம். அந்தக் காலத்தை எமுதாய் என்கிறார்கள், எல்லாம் துடைத்துப்போனது என்று பொருள்.

அது வேறு எதுவும் இல்லை, நம் ஊர்ப் பெரியவர்கள் பேரைச் சொல்லவே பயப்படும் வெக்கை நோய்தான். 1887 வாக்கில் இத்தாலியப் படைக்காக இந்தியாவிலிருந்து கப்பலில் போன மாடுகளோடு ஆப்பிரிக்காவுக்குப் போனது என்பார்கள். தாடிமாடுகளையும் அது விடவில்லை. பிறகு அந்தப் பக்கத்து வீட்டு மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். தாடிமாட்டை ஒருவரும் தொடவில்லை, ஒன்றுக்கும் ஊசி போடவில்லை. வீட்டு மாட்டில் நோய் நின்றதும் காட்டிலும் நின்றுவிட்டது. 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சம் இருந்தவை 1970களின் இறுதியில் 13 லட்சம் ஆயின. கூட்டம் பெருகிப் புல்லை மேய்ந்ததில் காட்டுத்தீ குறைந்து மரங்கள்கூடக் கூடின. இந்தியாவில் கடைசியாக வெக்கை கண்டது 1995இல், நம் தமிழ்நாட்டில்தான். 2011இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். ஊருக்கு வந்த கால்நடை மருத்துவருக்காக மாட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற பிள்ளைகள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். அந்த வரிசையைப் பற்றி ஓட்டுநரிடம் சொன்னேன். வண்டியை ஓட்டிக்கொண்டே சிரித்தார், அவர் தாத்தாவும் அப்படி நின்றாராம்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். மாராவுக்குக் குறைந்தது மூன்று நாள் ஒதுக்குங்கள், ஆறு தாண்டுவதற்கு யாரும் நேரம் குறித்துத் தர முடியாது. நல்ல பைனாகுலர் எடுத்துப் போங்கள். வண்டியில் ஏறியவுடனே ஓட்டுநரிடம், "கரைக்கு நெருங்க வேண்டாம், நெருங்காவிட்டாலும் உங்கள் இனாம் உண்டு" என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் கடைசியில் சொன்னோம், அவருக்கு நம்பிக்கையே வரவில்லை, கையில் கொடுத்த பிறகுதான் வந்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டாக வேண்டும். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள். திரும்பி வந்து இறங்கும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள்.