குலதெய்வம்: புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போனால் அச்சகத்தில் முதலில் கேட்பது, "மேலே என்ன சாமி போடணும்?" என்பதுதான். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஊரிலேயே இருப்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல யோசிப்பதே இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ வளர்ந்த பிள்ளைகள்தான் விழிக்கிறார்கள். "அப்பாவைத்தான் கேக்கணும்" என்பார்கள். அப்பா தாத்தாவைக் கேட்டு வைத்திருக்க வேண்டும். தாத்தா இப்போது இல்லை. அவ்வளவுதான், ஒரு சாமி தொலைந்து போயிற்று!

பாளையம்பட்டி மாதிரி ஒரு கரிசல் ஊரை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மாசி மாதம் சிவராத்திரிக்கு வேன் பிடித்து வந்து இறங்குவார்கள். கூட வரும் பிள்ளைகளுக்கு எல்லாமே புதுசாக இருக்கும். "சிலையே இல்லையே, எதைக் கும்பிடுறது?" "ஐயர் எங்கே?" "அந்த மாமா ஏன் இப்படிக் கத்துறார்?" என்று வரிசையாகக் கேட்பார்கள். பெரியவர்கள், "சும்மா கும்பிடு" என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போய்விடுவார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

பேகன் என்றால் யார்?

ஆங்கிலத்தில் இந்த மாதிரி வழிபாடுகளை எல்லாம் 'பேகன்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். அது 'பாகனஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாட்டுப்புறத்தான் என்பது அதன் பழைய பொருள். ரோமப் பேரரசில் கிறிஸ்தவம் பரவிய பிறகுதான், புது மதத்துக்கு வராமல் பழைய சாமிகளையே கும்பிட்டவர்களைக் குறிக்கும் சொல்லாக அது மாறியது.

நம் ஊரிலும் இதே கதைதான். வெகுகாலம் இந்தத் தெய்வங்களை 'சிறுதெய்வம்' என்றே எழுதினார்கள். யார் சிறுசு, யார் பெரிசு என்று அளந்தது யார்? அதனால்தான் நாட்டார் வழக்காற்றியல் படித்தவர்கள் 'நாட்டார் தெய்வம்' என்று சொல்லத் தொடங்கினார்கள். நா. வானமாமலை, தொ. பரமசிவன் போன்றவர்களைப் படித்தால் இந்தச் சாமிகளுக்குப் பின்னால் எவ்வளவு சமூக வரலாறு கிடக்கிறது என்பது தெரியும்.

யார் யார் சாமி?

ஊர்த்தெய்வம் ஊருக்கே பொது. பெரும்பாலும் மாரியம்மன், காளியம்மன். மழை, அம்மை, கால்நடை எல்லாம் அவள் பொறுப்பு. இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்தவள் இருக்கன்குடி மாரியம்மன். வைப்பாறும் அர்ஜுனா நதியும் கூடும் இடத்தில் இருக்கிறாள். ஆடி கடைசி வெள்ளிக்கு நடந்தே போகிறவர்கள் உண்டு.

காவல் தெய்வம் எல்லையில் நிற்பவர். அய்யனார், கருப்பசாமி, முனியாண்டி எல்லாம் இந்த வரிசை. அய்யனார் அனேகமாகக் கண்மாய்க் கரையில் இருப்பார். மழையை நம்பிப் பிழைக்கிற பூமியில் கண்மாய்தான் சொத்து. அப்படியானால் காவலுக்கு வேறு எங்கே நிற்பார்?

குலதெய்வம் ஒரே வழியில் வந்த பங்காளிகளின் சாமி. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் அண்ணன் தம்பி முறை, அவர்களுக்குள் பெண் எடுப்பதில்லை. அதனால் இது வெறும் பக்தி இல்லை, உறவுமுறைக் கணக்குப் புத்தகமும்கூட.

சிலை ஏன் இல்லை?

பல கோயில்களில் ஒரு பீடம், ஒரு கல், ஓர் அரிவாள், அல்லது ஒரு மரம் மட்டும்தான் இருக்கும். இதற்கு மிகப் பழைய வேர் உண்டு. போரில் விழுந்த வீரனுக்குக் கல் நட்டுப் படையல் வைப்பதைத் தொல்காப்பியமே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று படிப்படியாகச் சொல்கிறது. 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானவை அவை.

செத்தவர்கள் சாமியாவது இங்கே புதிது இல்லை. அதிலும் அநியாயமாகச் செத்தவர்கள். மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவேற்றப்பட்டவன். இருவர் கதையிலும் சாதி மீறிய காதல் இருக்கிறது. தீயில் விழுந்த பெண்கள் 'தீப்பாய்ந்த அம்மன்' என்றும் 'மாலையம்மன்' என்றும் நிற்கிறார்கள். கொன்றவர்களின் வாரிசுகளே பயந்து கும்பிடுகிற கோயில்களும் உண்டு. எந்த நீதிமன்றமும் விசாரிக்காத வழக்குகளை ஊர் மறக்காமல் வைத்திருக்கும் வழி இது என்றும் சொல்லலாம்.

சில சொற்கள்

சாமியாடி: சாமி இறங்கும் ஆள். நாளைக்கு அதே ஆள் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஆனால் அந்த இரவு மட்டும் பெற்ற தகப்பனே அவர் காலில் விழுவார்.

கோடாங்கி: உடுக்கை அடித்துக் குறி சொல்பவர்.

காப்புக் கட்டுதல்: திருவிழா தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். காப்புக் கட்டிவிட்டால் வெளியூர் போய்த் தங்கக் கூடாது என்பார்கள்.

முளைப்பாரி: பெண்கள் விதைகளை இருட்டில் முளைக்க வைத்து, கும்மி கொட்டி, கடைசியில் நீரில் கரைப்பது. விதை எப்படி முளைக்கிறது என்று பார்த்து அந்த வருட வெள்ளாமையைக் கணிப்பார்கள்.

நேர்த்திக்கடன்: வேண்டியது நடந்தால் செலுத்துவது. அக்கினிச்சட்டி, ஆயிரங்கண் பானை, பூக்குழி, முடி இறக்குதல், கிடா வெட்டு என்று பல வகை.

பிடிமண்: தாய்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய், குடியேறிய ஊரில் அதை வைத்துப் புதுக் கோயில் கட்டுவது. பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் சாமியையும் கூட்டிப் போனார்கள். மலேசியத் தோட்டங்களில் முனீஸ்வரன் நிற்பதும், 1853 முதல் தமிழ்க் கூலிகள் கொண்டுபோகப்பட்ட மார்த்தினிக் தீவில் மதுரைவீரன் 'மால்தெவிதான்' என்ற பெயரில் நிற்பதும் இப்படித்தான். மொழியே போன பிறகும் அங்கே சாமி போகவில்லை!

வெட்டலாமா, கூடாதா?

இதுதான் எப்போதும் சண்டை வருகிற இடம். தமிழ்நாட்டில் உயிர்ப்பலித் தடைச் சட்டம் 1950-லேயே வந்துவிட்டது, ஆனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. பல ஊர்களில் நேர்ந்துவிட்ட கிடா வீட்டிலேயே நின்றது. எதிர்ப்புக் கிளம்பி, 2004-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

ஆட்டின் உயிருக்காகப் பேசுவது தப்பில்லை. ஆனால் கசாப்புக் கடையில் தினமும் தொங்கும் ஆட்டைப் பற்றிப் பேசாமல், கோயிலில் வெட்டி உறவெல்லாம் கூடிச் சாப்பிடும் ஆட்டை மட்டும் காட்டுமிராண்டித்தனம் என்றால் கிராமத்துக்காரனுக்குக் கோபம் வரும்தானே? இத்தனைக்கும் சைவ அய்யனாரும் அசைவக் கருப்பரும் ஒரே கோயிலில்தான் இருக்கிறார்கள். கிடா வெட்டும்போது அய்யனார் முன்னால் ஒரு திரை போடுவார்கள், காரியம் முடிந்தது. கூட இருக்கிறவனின் சாப்பாட்டை மதிக்க இதைவிட எளிய வழி உண்டா?

பேச வேண்டிய இன்னொன்று

எல்லாம் நல்லது என்றும் எழுதிவிட முடியாது. கோயில் வரி 'தலைக்கட்டு' கணக்கில்தான் வாங்குவார்கள். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் சாமியே மாறிவிடும். புருஷன் வீட்டுச் சாமிதான் இனி அவள் சாமி. பொங்கல் பானையைத் தூக்கி வருவதும் முளைப்பாரி வளர்ப்பதும் அவள், கூட்டத்தில் கணக்குக் கேட்பது ஆண். முதல் மரியாதை யாருக்கு என்ற சாதிச் சண்டையில் பூட்டிக் கிடக்கும் கோயில்களும் உண்டு. சாதி மீறிக் காதலித்ததற்காகக் கொல்லப்பட்டவனைக் கும்பிடுகிற ஊரிலேயே, சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களைக் கோயிலுக்குள் விடுவதில்லை. சாமி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்...

இன்னொரு பக்கம், வெளியூரில் நாலு காசு சம்பாதித்தவர்கள் கோயிலை 'நல்லா' கட்டுகிறார்கள். பீடத்தின் மேல் டைல்ஸ், கோபுரம், கும்பாபிஷேகம். கருப்பசாமி மெல்ல சிவனின் அம்சம் ஆகிவிடுகிறார். செத்தவன் யார், ஏன் செத்தான் என்ற கதை தலபுராணத்துக்குள் போய்விடுகிறது. கோயில் பெரிதாகிறது, கதை சின்னதாகிறது.

கல்லைத் திருப்பி நட்டுவிடலாம். கதை போனால் போனதுதான். ஆகவே அடுத்த முறை சிவராத்திரிக்கு ஊருக்குப் போகிறவர்கள், "சும்மா கும்பிடு" என்பதோடு விட்டுவிட வேண்டாம். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தச் சாமி யாரு அப்பத்தா? எப்படிச் செத்தாரு?" என்று கேளுங்கள். அப்படியே அவர் பிறந்த வீட்டுச் சாமி எது என்பதையும் கேளுங்கள். அதை அவரிடம் அனேகமாக இதுவரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.