ஸ்டீவியின் அண்ணன்

வீட்டுக்கு மூத்த பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தம்பி உங்களைவிடப் பிரபலமாகிவிட்டால் முதலில் காணாமல் போவது உங்கள் பெயர்தான். என் தம்பி ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறான். கல்யாண ரிசப்ஷன்களில் என்னைப் பார்த்து, "சார், நீங்க கீபோர்டுக்காரரோட அண்ணன்தானே?" என்பார்கள். அவன் முதன்முதலில் விரல் வைத்த காஸியோ என் முதல் போனஸில் வாங்கியது என்பதை, ரசம் சாதத்துக்கு நடுவில் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகவே 'ஜிம்மி அண்ட் ஸ்டீவி ரே வான்: பிரதர்ஸ் இன் ப்ளூஸ்' என்ற டாகுமெண்டரியை நான் கொஞ்சம் சுயநலத்தோடுதான் பார்த்தேன். கர்பி வார்னாக் இயக்கி 2023-ல் வெளிவந்த படம். எரிக் க்ளாப்டன், ஜாக்ஸன் ப்ரௌன் என்று பெரிய தலைகள் எல்லாம் வந்து பேசுகின்றன. உலகத்துக்குத் தெரிந்தவர் தம்பி ஸ்டீவி. நான் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணன் ஜிம்மியின் முகத்தை. எங்கேயாவது ஒரு பொறாமை தெரிகிறதா என்று!

டெக்ஸஸில் டல்லாஸ் நகரம். அதில் ஓக் க்ளிஃப் என்ற பகுதி. ஜிம்மி பிறந்தது 1951-ல், ஸ்டீவி 1954-ல். அப்பா ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளி. குடி உண்டு. குடித்தால் கை நீளும். ஜிம்மி ஃபுட்பால் ஆடப் போய்க் காறை எலும்பை முறித்துக்கொண்டு வந்தான். சும்மா கிடக்கிற பையனுக்குப் பொழுது போகட்டும் என்று யாரோ ஒரு கிடாரைக் கொடுக்க, பிடித்துக்கொண்டுவிட்டது. அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி, அண்ணன் வாசித்துப் பழசாக்கிய கிடார்கள் தம்பிக்கு வந்தன. சொல்லிக் கொடுக்க ஆளில்லை. அண்ணன் விரல் போகிற இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அவன் வெளியே போனதும் எடுத்து வாசிப்பது. ஸ்டீவி முதலில் வாங்கிய ரிக்கார்டு லோனி மாக் வாசித்தது. ஓயாமல் போட்டுக் கேட்டதில் அப்பா பொறுக்க முடியாமல் அதை உடைத்தே போட்டுவிட்டார்.

ப்ளூஸ் என்பது அமெரிக்கத் தென் மாநிலங்களின் கறுப்பின மக்கள் தங்கள் பாட்டிலிருந்து உண்டாக்கின சங்கீதம். பெரும்பாலும் மூன்றே கார்டு. பன்னிரண்டு பார் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் வாசிக்கிறவர் தந்தியை இழுத்து, ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே எங்கோ நிறுத்துவார் பாருங்கள், நம் வீணைக்காரர்கள் கமகத்துக்கு இழுக்கிற மாதிரி, சங்கதி அங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டு வெள்ளைக்காரப் பையன்களுக்கும் குருமார்கள் பி.பி. கிங், ஆல்பர்ட் கிங், ஃப்ரெடி கிங். (மூன்று கிங்கும் சொந்தக்காரர்கள் இல்லை!)

பதினைந்து வயதில் ஜிம்மி வீட்டை விட்டுப் போய்விட்டார். படத்தில் என்னை உலுக்கியது இந்த இடம். அண்ணனுக்கு விடுதலை, சரி. மிச்சம் இருந்தது தம்பியும் அப்பாவும்தான். அடி வாங்க ஆள் குறைந்தால் பங்கு கூடும் என்பது அண்ணன் தம்பிகளுக்குத் தெரிந்த கணக்கு.

பிறகு தம்பியும் படிப்பை விட்டுவிட்டு அண்ணன் இருந்த ஆஸ்டினுக்கே போய்ச் சேர்ந்தார். 1974-ல் அண்ணனுக்கு 'ஃபேபுலஸ் தண்டர்பேர்ட்ஸ்' குழு அமைந்தது. தம்பிக்கு 1982-ல் ஸ்விட்சர்லாந்தின் மான்ட்ரோவில் ஒரு மேடை. கூட்டத்தில் சிலர் கூச்சல் போட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த டேவிட் போவி கூச்சல் போடவில்லை. தன் 'லெட்ஸ் டான்ஸ்' ஆல்பத்துக்கு வாசிக்கக் கூப்பிட்டார். 1983-ல் அதுவும் ஸ்டீவியின் 'டெக்ஸஸ் ஃப்ளட்'டும் வெளிவர, அண்ணன் 'ஸ்டீவியின் அண்ணன்' ஆகிவிட்டார்.

இரண்டு பேரின் வாசிப்பும் வேறு வேறு. தம்பி தடிமனான தந்தி பூட்டிக்கொண்டு புயல் மாதிரி வாசிப்பார். அண்ணன் ரெண்டு ஸ்வரம் வைத்துவிட்டுச் சும்மா நிற்பார், அடுத்தது வருமா என்று நாம் தவிக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியை நான் வாசித்துவிடுகிறேன், அண்ணன் நூற்றில் ஒரு பங்குதான் வாசிக்கிறான் என்கிற அர்த்தத்தில் ஸ்டீவியே சொல்லியிருக்கிறார். ஒரு பழைய மேடைப் பதிவு உண்டு. இரட்டைக் கழுத்து கிடார் ஒன்றை ஸ்டீவி மாட்டியிருக்க, ஜிம்மி பின்னாலிருந்து கையை விட்டு இன்னொரு கழுத்தை வாசிக்கிறார். நாலு கை, ஒரே கிடார். தம்பி முகத்தில் திருட்டுத்தனமாக கிடாரை எடுத்த அந்தப் பழைய பையன்!

குடியும் கோகெய்னும் 1986-ல் ஸ்டீவியைச் சாவு வரை கொண்டுபோயின. சிகிச்சை எடுத்து அடியோடு விட்டார். அதற்கப்புறம்தான், 1990-ல், இருவரும் சேர்ந்து ஒரு முழு ஆல்பம் போட்டார்கள். 'ஃபேமிலி ஸ்டைல்'. அதுவரை பாடாத அண்ணன் அதில் பாடவும் செய்தார்.

ஆல்பம் கடைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 26-ம் தேதி, விஸ்கான்ஸினில் ஆல்பைன் வேலி என்ற இடத்தில் க்ளாப்டன் கச்சேரி. கடைசிப் பாட்டுக்கு க்ளாப்டன், படி கை, ராபர்ட் க்ரே, கூடவே அண்ணனும் தம்பியும். நள்ளிரவு தாண்டி, பனிமூட்டத்தில் ஹெலிகாப்டர்கள் கிளம்பின. ஒன்றில் ஓர் இடம்தான் காலி. தம்பி ஏறிக்கொண்டார், அண்ணன் நின்றுகொண்டார். அந்த ஹெலிகாப்டர் பக்கத்துப் பனிச்சறுக்கு மலையில் மோதி, பைலட்டோடு ஐந்து பேரும் போய்விட்டார்கள். ஸ்டீவிக்கு வயது 35.

ஜிம்மியின் முகத்தில் நான் தேடியது எங்குமே கிடைக்கவில்லை. தம்பியைப் பற்றிப் பேசும்போது அவர் கச்சேரியில் செய்வதையே செய்கிறார். ரெண்டு வார்த்தை, அப்புறம் ஒரு இடைவெளி.

அவருடைய முதல் தனி ஆல்பம் 1994-ல்தான் வந்தது. அதில் தம்பிக்காக ஒரு பாட்டு இருக்கிறது. அவசரமே இல்லாமல் வாசித்திருக்கிறார்.