நள்ளிரவுச் சூரியனும் ஒரு கம்பெனி ஊரும்



"சூரியன் கிழக்கே உதிக்கும், மேற்கே மறையும்" என்று ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இருபது ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அந்தப் பாடம் செல்லுபடியாகாத ஓர் ஊர் இந்த உலகத்தில் உண்டு. ஏப்ரல் 20 வாக்கில் மேலே வரும் சூரியன், ஆகஸ்டு 23 வாக்கில்தான் அங்கே மறைகிறது. நடுவில் உள்ள நான்கு மாதமும் அது தலைக்கு மேல் செக்குமாடு போல வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். இரவு பன்னிரண்டு மணிக்கும் வெளியே நின்று பத்திரிகை படிக்கலாம்!

ஊரின் பெயர் லாங்யர்பியன். நார்வே நாட்டுக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் என்னும் தீவுக் கூட்டத்தில் இருக்கும் சிறிய துறைமுகம். நம் மலேசியா பூமத்திய ரேகையிலிருந்து ஒன்று முதல் ஏழு பாகைக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஊரோ 78ஆம் பாகையில் இருக்கிறது. அதற்கு மேல் சில ஆராய்ச்சி நிலையங்கள், பனி, வடதுருவம், அவ்வளவுதான்.

"தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு உல்லாசக் கப்பலில் போக ஏது பணம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் மனைவியின் தம்பி ஜெர்மனியில் பொறியியலாளராக இருக்கிறார். "அக்காவும் மாமாவும் ஒரு தடவையாவது வரவேண்டும்" என்று அவரே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார். 2025 ஜூன் விடுமுறையில், நார்வேயின் டிரோம்சோ துறைமுகத்தில் மூவரும் கப்பலேறினோம். கப்பலில் கண்ட விருந்தையும் ஆட்டபாட்டத்தையும் எழுதி இடத்தை அடைக்க விரும்பவில்லை. ஊரைப் பற்றியே சொல்கிறேன்.

மரமில்லாத பூமி

காலை எட்டு மணிக்குக் கப்பல் கரையோரம் நின்றது. குளிர் மூன்று டிகிரி. இருபுறமும் உச்சி தட்டையான மலைகள்; சரிவுகளில் கோடு கோடாகப் பனி. முதலில் என் கண்ணில் பட்டது, அங்கே இல்லாத ஒன்றுதான். ஒரு மரம்கூட இல்லை! பால்மரத்தையும் செம்பனையையும் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி மனத்தை என்னவோ செய்கிறது. வில்லோ என்ற ஒரு செடி உண்டு. மரவகையைச் சேர்ந்ததுதான். ஆனால், அது நம் சுண்டுவிரல் உயரம்கூட வளர்வதில்லை. தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கிறது.

வீடுகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பளிச்சென்ற நிறங்களில் தூண்களின்மேல் நிற்கின்றன. நம் கம்பத்து வீடுகள் வெள்ளத்துக்கும் பூச்சிக்கும் பயந்து தூணில் ஏறின. அங்கே காரணம் வேறு. மண் ஆண்டு முழுவதும் ஆழத்தில் உறைந்தே கிடக்கிறது. வீட்டின் சூடு பட்டு அது இளகினால் சுவர் சாய்ந்துவிடும். தண்ணீர்க் குழாய்களையும் மண்ணுக்குள் புதைக்காமல் மேலாகவே கொண்டு போகிறார்கள்.

ஊர் எல்லையில் ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கரடி. "ஸ்வால்பார்ட் முழுமைக்கும் இது பொருந்தும்" என்று அடியில் எழுதியிருக்கிறது. அந்தப் பலகையைத் தாண்டிப் போகிறவர்கள் கரடியிடமிருந்து தற்காத்துக்கொள்ளத் துப்பாக்கி எடுத்துப் போகிறார்கள். ஆனால், கடைக்குள்ளோ வங்கிக்குள்ளோ துப்பாக்கியோடு வராதீர்கள் என்று வாசலில் அறிவிப்பு இருக்கிறது. நம் ஊரில் கடைவாசலில் நாய் படுத்திருப்பதுபோல அங்கே கலைமான் மேய்கிறது. கட்டைக் கால்களோடு ஆட்டுக்கிடாய் போல இருக்கிறது. ஆளைக் கண்டு ஓடுவதுமில்லை.

வெளிச்சத்துக்கு நான்கு மாதம் என்றால், இருட்டுக்கும் அதன் பங்கு உண்டு. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. எழுந்த பிறகும் மலை மறைப்பதால், மார்ச் 8 வாக்கில்தான் ஊருக்குள் வெயில் விழுகிறது. அன்று பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஊரே திரண்டு, பழைய மருத்துவமனையின் படிக்கட்டில் வெயில் விழும் நேரத்துக்குக் காத்திருக்குமாம். நம்முடைய பொங்கலை நினைத்துக்கொண்டேன். சூரியனுக்கு நன்றி சொல்லத் தெரிந்தவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்!

கம்பெனி வீடு, கம்பெனி காசு

இனிச் சொல்லப்போவதை நம் தோட்டத்து வாசகர்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

1906இல் லாங்யர் என்ற அமெரிக்கர் அங்கே நிலக்கரிச் சுரங்கம் திறந்தார். ஊருக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1916இல் ஸ்டோரே நோர்ஸ்கே என்ற நார்வே கம்பெனி அதை வாங்கியது. அன்று முதல் பல பத்தாண்டுகள் அந்த ஊரில் எல்லாமே கம்பெனிதான். வீடு கம்பெனி வீடு. கடை கம்பெனி கடை. புழங்கிய நோட்டுகூடக் கம்பெனி அச்சடித்ததுதான்! நம் பாட்டன்மார் தோட்டக் கடையில் பற்று வைத்து வாங்கி, சம்பளத்தன்று கழித்துக்கொண்ட கதை உங்களுக்கு நினைவு வருகிறதா? எனக்கு வந்தது.

தொழிலாளர்கள் நீண்ட லயங்களில் தங்கினார்கள். கம்பெனி அதிகாரிகள் வேறு பகுதியில் வசித்தார்கள். மலையில் தோண்டிய கரியைக் கம்பிவடத்தில் தொங்கும் வாளிகளில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். 1987வரை அந்த வடம் ஓடியது. அதைத் தாங்கிய மரத்தூண்கள் இன்றும் மலைச்சரிவில் வரிசையாக நிற்கின்றன. 1920 ஜனவரியில் முதலாம் சுரங்கத்தில் வெடி விபத்து ஏற்பட்டு 26 பேர் மாண்டார்கள். நம் சிலாங்கூரில் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த குடும்பங்களுக்கு இந்த வேலையின் ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது.

ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அங்கே ஹோட்டல், அருங்காட்சியகம், தேவாலயம் எதற்குள் போனாலும் வாசலில் காலணியைக் கழற்றிவிட வேண்டும். சுரங்கத்திலிருந்து வருகிறவனின் பூட்ஸில் கரித்தூசி ஒட்டியிருக்கும். வீடு பாழாகக்கூடாது என்று தொடங்கிய வழக்கம். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகும் வழக்கம் போகவில்லை. காலணியைக் கழற்றுவது நமக்குப் புதிதா என்ன? என் மனைவி உற்சாகமாக முதல் ஆளாகக் கழற்றினாள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும் ஊர்

கடைத்தெருவில் கம்பளிச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். அங்கே வேலை செய்த பெண் பிலிப்பைன்ஸ்காரர். மலேசியா என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் மொழியிலும் பிள்ளைக்கு 'அனாக்', கண்ணுக்கு 'மாத்தா', ஐந்துக்கு 'லீமா'தானாம். மலாய் தெரிந்த நமக்குச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது.

அந்த ஊரில் ஏறக்குறைய 2,500 பேர் வாழ்கிறார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டவர். 1920இல் கையெழுத்தான உடன்படிக்கையின் பயனாக, அங்கே தங்குவதற்கும் வேலை செய்வதற்கும் விசா வேண்டியதில்லை. தாய்லாந்துக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் கணிசமாக இருக்கிறார்கள். ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்வதும் சமையற்கட்டில் நிற்பதும் பெரும்பாலும் அவர்கள்தாம். ஆனால், ஒரு நிபந்தனை: தன் சோற்றைத் தானே சம்பாதிக்க வேண்டும். வேலையில்லாதவருக்கு அங்கே உதவித்தொகை கிடையாது. முதியோர் இல்லமும் கிடையாது. உடம்பு தளர்ந்தால் வந்த இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

பிள்ளை பிறப்பதும் அங்கே இல்லை. மாதம் நெருங்கியதும் கர்ப்பிணிகள் பெருநிலத்துக்குப் போய்விட வேண்டும். அந்தப் பெண்ணும் மூன்று வாரம் முன்னதாகவே விமானம் ஏறி, டிரோம்சோவில் பெற்றெடுத்துக்கொண்டு வந்தாராம். "வேலை இருக்கிறவரை வீடு உண்டு. வேலை போனால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். 2022இல் ஒரு புதிய விதி வந்தது. நார்வே பெருநிலத்தில் மூன்று ஆண்டு வாழ்ந்திராத வெளிநாட்டவருக்கு ஊர்மன்றத் தேர்தலில் ஓட்டு இல்லை. ஊரைக் கூட்டிப் பெருக்கலாம். ஊரைப் பற்றிக் கருத்துச் சொல்ல முடியாது.

கடையை விட்டு வெளியே வந்ததும் என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம அப்பாவுக்கும் இப்படித்தானே கடுதாசி வந்துச்சு" என்றாள். என் மாமனார் முப்பத்தைந்து ஆண்டு பால் வெட்டியவர். வேலை ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பிள்ளைகள் ஐவரும் பிறந்த வீடு அது. போகும் வழியில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே போனாராம்.

ஏழு சிலுவைகள்

மலையடிவாரத்தில் ஒரு சிறிய இடுகாடு இருக்கிறது. வெள்ளைச் சிலுவைகள். அவற்றில் ஏழு, 1918ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. சுரங்க வேலைக்காகப் பெருநிலத்திலிருந்து கப்பலேறிய ஏழு வாலிபர்கள், கப்பலிலேயே விஷக்காய்ச்சல் தொற்றி, வந்து சேர்ந்த சில நாளில் இறந்துபோனார்கள். உலகத்தையே உலுக்கிய ஸ்பானியக் காய்ச்சல் அது. 1998இல் விஞ்ஞானிகள் அந்தக் கிருமியைத் தேடி அங்கே தோண்டிப் பார்த்தார்கள்.

"அந்த ஊரில் சாவது சட்டப்படி குற்றம்" என்று வேடிக்கையாக எழுதுவார்கள். அது சரியல்ல. உறைந்த மண்ணில் உடல் மக்குவதில்லை. பனி மண் பெட்டியை மெல்ல மெல்ல மேலே தள்ளிவிடும். ஆகவே உடலைப் புதைப்பதை நிறுத்திவிட்டார்கள். அனுமதி பெற்றால் அஸ்திக் கலசத்தை மட்டும் வைக்கலாம்.

வேலை தேடிக் கப்பலேறி, கரை சேர்ந்ததும் மாண்ட வாலிபர்கள்! நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி இங்கு வந்த நம் முன்னோரில் எத்தனை பேர் இப்படிப் போனார்களோ! அந்த ஏழு பேருக்குச் சிலுவையாவது நிற்கிறது. நம்மவர்களுக்கு?

ஒரு பழைய ஆணிகூட

நாங்கள் போன அதே 2025 ஜூன் மாதக் கடைசியில், ஊருக்கு மேலே இருந்த ஏழாம் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். ஸ்வால்பார்டில் நார்வே நடத்திய கடைசி நிலக்கரிச் சுரங்கம் அது. ஊரின் மின் நிலையம் 2023இலேயே கரியை விட்டு டீசலுக்கு மாறிவிட்டது. நூறாண்டுக்கு மேல் ஊரைச் சுமந்த தொழில் முடிந்தது.

ஆனால், ஊர் முடியவில்லை. 1993இல் ஓர் உயர்கல்வி மையம் தொடங்கினார்கள். உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. 2008இல் மலையைக் குடைந்து விதைக் களஞ்சியம் ஒன்றைத் திறந்தார்கள். உலக நாடுகள் அனுப்பிய பதின்மூன்று இலட்சத்துக்கும் அதிகமான விதை மாதிரிகள் அங்கே உறைகுளிரில் காக்கப்படுகின்றன. நாம் உண்ணும் நெல்லின் விதைகளும் அவற்றுள் உண்டு. பார்வையாளர்களை உள்ளே விடுவதில்லை. வெளிக்கதவை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்.

எல்லாவற்றையும்விட என்னை நிற்க வைத்தது ஒரு சட்டம். 1946க்கு முன் மனிதன் அங்கே விட்டுப்போன எதையும் யாரும் தொடக்கூடாது. சரிந்த தூண், துருப்பிடித்த வாளி, பழைய ஆணி, எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. நினைவுக்காக ஒன்றை எடுத்துப் பையில் போட்டாலும் குற்றம். மக்கள் வருவார்கள், போவார்கள். அவர்கள் உழைத்த அடையாளம் இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள்.

நம் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். துண்டாடப்பட்டவை எத்தனை? வீடமைப்புத் திட்டமாகவும் கோல்ப் திடலாகவும் மாறியவை எத்தனை? லயம் இருந்த இடம், பெரட்டுக் களம், மாரியம்மன் கோயில், பள்ளிக்கூடம், சுடுகாடு எல்லாம் மண்வாரி இயந்திரத்தின் ஒரு வாரத்து வேலையாகப் போய்விட்டன. தோட்டத்தின் பெயர்கூடச் சாலைப் பலகையிலிருந்து மறைந்துவிட்டது. பிலிப்பைன்ஸ் பெண்ணின் நிலை நம்முடைய நேற்றைய நிலை. ஆனால், நாம் இங்கே பிறந்தோம், இங்கே புதைத்தோம், நமக்கு ஓட்டும் உண்டு. அப்படியிருந்தும் அடையாளத்தைக் காப்பதில் அந்த வழிப்போக்கர் ஊர் நம்மை முந்திவிட்டது.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். தோட்டத்தின் பெயர் என்ன, நம்மவர்கள் அதைத் தமிழில் எப்படி அழைத்தார்கள், எத்தனை லயம், கோயிலைக் கட்டியவர் யார், முதல் ஆசிரியர் யார் என்று எழுதி வையுங்கள். பழைய படம் இருந்தால் அதன் பின்புறம் பெயரையும் ஆண்டையும் குறியுங்கள். என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதையே இந்தத் தவணையின் பயிற்சியாகக் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதினொரு நோட்டுகள் வந்துள்ளன. ஒன்றில், தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர் தம் லயத்தின் பத்து வீட்டுக்காரர் பெயரையும் வரிசை தவறாமல் சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பாட்டிக்கும் அது நினைவிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.