ஒரே சுவர், ஒரே படி

லண்டனில் நாங்கள் தங்கினது ஈஸ்ட் ஹாமில், மாமாவின்ர வீட்டில். தெரு முழுக்க ஒரே மாதிரி வீடுகள். முன்னுக்குத் தள்ளின யன்னல், ஒடுங்கின வாசல். எங்கட ஊரில் வீட்டைச் சுற்றி வளவு இருக்கும். இங்கே ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரரோடு பொதுச் சுவர். இரவில் அடுத்த வீட்டில் ஆரும் இருமினால் எங்களுக்கும் கேட்கும்.

இப்படி வீடுகளைத் தொடுத்துக் கட்டினதற்குக் காரணம் காணி விலைதான். தெருப்பக்கம் அகலம் குறைந்தால் அதே நீளத்தில் கூடுதல் வீடு கட்டலாம். பொதுச் சுவரால் செங்கல் மிச்சம், குளிருக்கும் நல்லது. அகலம் இல்லாததால் வீடு மேலே வளரும். நடுவில் இருப்பது படி.

இந்தக் கட்டட வகையின் வசதியான வடிவத்தைப் பார்க்க வேண்டுமெண்டு மாமா எங்களைக் கென்சிங்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். 18, ஸ்டாஃபோர்ட் டெரஸ். 'பஞ்ச்' சஞ்சிகையில் கேலிச்சித்திரம் வரைந்த எட்வர்ட் லின்லி சம்போர்னும் மனைவி மரியனும் 1875 இலிருந்து வாழ்ந்த வீடு. பிறகு வந்த பிள்ளைகளும் பேத்தியும் உள்ளே பெரிசா ஒண்டையும் மாற்றாமல் வைத்திருந்தார்கள். விக்டோரியாக் கட்டடங்களை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், அவற்றைக் காக்க ஒரு சங்கம் வேண்டும் எண்ட பேச்சு 1957 இல் இந்த வீட்டில்தான் நடந்தது. அடுத்த வருசம் விக்டோரியன் சொசைட்டி உருவானது.

உள்ளே கண் கூசும் அளவுக்குச் சாமான். வில்லியம் மொறிஸின் சுவர்த்தாள், வர்ணக் கண்ணாடி யன்னல், சுவர் தெரியாமல் படங்கள். தங்கச்சிக்கு ஒரு விசயம் நல்லாப் பிடித்துக்கொண்டது. பிறகு விலைகூடின தாள் ஒட்டினபோது, செலவை மிச்சம் பிடிக்கப் படங்களுக்குப் பின்னால் பழைய தாளையே விட்டிருக்கிறார்கள். "எங்கட ஆக்கள் மாதிரித்தான்" எண்டு சிரித்தாள்.

ஆனால் அந்த வீட்டை விளங்கிக்கொள்ளப் படியில் ஏற வேண்டும். நிலத்துக்குக் கீழே குசினி. அதற்கு மேலே சாப்பாட்டு அறை. அதற்கும் மேலே விருந்தினர் இருக்கும் பெரிய அறை, பிறகு வீட்டுக்காரரின் படுக்கை அறைகள். உச்சியில், வேலைக்காரப் பெண்ணின் சின்ன அறை. வேலை அடியில், நித்திரை உச்சியில். சாம்பலும் சுடுதண்ணியும் சுமந்துகொண்டு அந்தப் பெண்கள் ஒரு நாளில் எத்தனை தரம் ஏறி இறங்கியிருப்பார்கள்? வீட்டின் வரைபடமே ஆர் பெரியவர், ஆர் சின்னவர் எண்டு எழுதி வைத்திருக்கிறது.

அந்த உச்சி அறையில் மாமா கனநேரம் நிண்டார். "91 இல வந்த புதுசில நானும் இப்பிடி ஒரு அறையிலதான் இருந்தனான். நாலு பேர். இரவு வேலை முடிஞ்சு வந்தா, கீழ இருக்கிற வீட்டுக்காரன் எழும்பாமல் சப்பாத்தைக் கையில பிடிச்சுக்கொண்டு ஏறுவம்."

எங்களுக்குச் சுருக்கெண்டது. மாமாவின்ர வீட்டிலும் கூரைக்குக் கீழே ஒரு அறை இருக்கிறது. அதில் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த ஒரு பெடியன் வாடகைக்கு இருக்கிறான். அவனும் சத்தமில்லாமல்தான் ஏறுவான். ஆறு நாளாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் நாங்கள் அவன்ர பேரைக் கேட்கவில்லை. "அந்தப் பெடியன்" எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

திரும்பி வரும்போது ரயிலில் மாமா அதிகம் கதைக்கவில்லை. அண்டைக்கு இரவு படியில் காலடிச் சத்தம் கேட்டது. மாமா கதவைத் திறந்து, "தம்பி, சாப்பிட்டிட்டு மேல போமன்" எண்டார். அவன் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நிண்டான். நாங்கள் கதிரையை நகர்த்தி இடம் விட்டோம். அப்பதான் பேரைக் கேட்டோம்.