எரிமலை வழியில் மூன்று நாள்

கறம்பக்குடியில் நின்று எத்திசை நோக்கினும் மலை கண்ணிற் படுவதில்லை. செம்மண் வெளியும், குளமும், தென்னந்தோப்பும், ஊர்ப்புறத்தே மண்குதிரைகள் நிற்கும் ஐயனார் கோயிலுமே அப்பகுதியின் காட்சிகள். புதுக்கோட்டைச் சீமையின் பாறைகளோ மிகப் பழமையானவை. எண்ணற்ற கோடி ஆண்டுகளுக்கு முன்னரே குளிர்ந்து இறுகியவை அவை. இன்று சித்தன்னவாசலிலும் நார்த்தாமலையிலும் கோயிலுக்கும் குகைக்கும் இடந்தந்து அமைதியாகக் கிடக்கின்றன. நிலத்தின் அடியில் நெருப்பு உண்டு என்று அவ்வூர்ப் பிள்ளையிடம் சொன்னால், அவன் செங்கற்சூளையை நினைத்துக்கொள்வானேயன்றி வேறொன்றை நினையான்.

அத்தகைய ஊரிற் பிறந்த இளைஞர் ஒருவர் கட்டட வேலை தேடிச் சிங்கப்பூருக்குச் சென்றார். அவர் சென்ற காரணம் வருந்தத்தக்கது. 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் விடியுமுன் கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, கறம்பக்குடி, ஆலங்குடிப் பகுதிகளில் தென்னைகளை வேரொடு சாய்த்தது. இளைஞரின் தந்தை கைப்பட நீரூற்றி வளர்த்த தோப்பில் நின்ற மரங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன. புதிதாக வைக்கும் கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். கடனோ அத்தனை ஆண்டுகள் காத்திராது. எனவே மகன் கடல் கடந்தார்; தாய் ஊரிலேயே இருந்து, விழுந்த மரங்களை அப்புறப்படுத்தி, புதுக்கன்றுகளை ஊன்றினார்.

சில ஆண்டுகள் கழிந்தன. கடனும் பெரும்பாலும் தீர்ந்தது. ஒருமுறை ஐந்து நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வாய்த்தது. உடன் பணிபுரியும் மலாய் நண்பர் ஒருவர், “சாவகத்திற்குச் சென்று எரிமலை ஏறி வருவோம், வா” என்று அழைத்தார். மணிமேகலைக் காப்பியம் கூறும் சாவகம் அத்தீவே என்பர் அறிஞர் பலர். இளைஞர் அதுவரை தம் இன்பத்திற்கெனப் பயணம் செய்தவரல்லர். சற்றே தயங்கி, பின்னர் இசைந்தார்.

எரிமலை காணப் பிற நாட்டிற்குச் செல்லவேண்டுமோ, நம் நாட்டில் இல்லையோ எனின், ஒன்று உண்டு. அந்தமான் கடலில், போர்ட் பிளேர் என வழங்கிப் பின்னர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற நகருக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் பாரன் தீவு உள்ளது. 1787ஆம் ஆண்டு அது கனன்றமை பதிவாகியுள்ளது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிய அம்மலை 1991இல் மீண்டும் விழித்தது. ஆயினும், அதனைக் கப்பலில் இருந்து காணலாமேயன்றி, சுற்றுலாப் பயணிகள் கரையிறங்கி ஏறுதற்கு இசைவில்லை. பாரன் தீவும் சுமத்திராவும் சாவகமும் ஒரே நெருப்புமாலையில் கோத்த மணிகள். இந்தியாவும் ஆசுத்திரேலியாவும் அமர்ந்துள்ள பெரும்பாறைத் தட்டுகள் அத்தீவுகளின் கீழே மெல்ல மெல்ல நுழைந்துகொண்டிருக்கின்றன. அவ்வாறு அமிழும் பாறை, தன்னகத்துள்ள நீரை வெம்மையால் வெளிவிடும். அந்நீர் கலந்தவிடத்து மேலுள்ள பாறை எளிதில் உருகும். உருகிய குழம்பு வெடிப்பு வழியே மேலெழும். இந்தோனேசிய நாட்டில் இவ்வாறு உயிர்ப்புள்ள எரிமலைகள் ஏறத்தாழ 130 உள்ளன.

சுரபாயா நகரில் இறங்கிய நண்பர் இருவரும், வேறு நால்வரும் ஒரு குழுவாயினர். அவர்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது அகவை கடந்த தெங்கர் இனத்தவர். தெங்கர் மக்கள் புரோமோ மலையைச் சூழ்ந்து வாழும் இந்துக்கள். சிங்கப்பூரிற் பழகிய மலாய்மொழி இளைஞருக்குக் கைகொடுத்தது. அவர் வழிகாட்டியைப் ‘பாக்’ என்று அழைத்தார். ஐயா என்பது போன்ற சொல் அது. வழிகாட்டி அவரை ‘மாஸ்’ என்றார். அண்ணன் என்னும் பொருளுடைய அச்சொல்லால் இளையோரையும் மதிப்போடு விளிப்பது அந்நாட்டு வழக்கம்.

முதல் நாள் மாலை, மலைவிளிம்பில் அமைந்த செமரோ லாவாங் என்னும் சிற்றூரை அடைந்தனர். வெயிலுக்கே பழகிய உடல் அங்கே குளிரால் நடுங்கியது. இரவு உணவுக்குப்பின் வழிகாட்டி கண்காணிப்பு நிலையத்தாரோடு தொலைபேசியில் உரையாடினார். அந்நாட்டு எரிமலை ஆய்வுத் துறையினர் நிலநடுக்கக் கருவிகளைக் கொண்டு மலைகளைக் கண்காணித்து, எச்சரிக்கையை நான்கு படிகளாக வகுத்து அறிவிக்கின்றனர். பேசி முடித்த பின் அவர் குழுவினரைப் பார்த்து, “நான் திரும்புக என்றால் திரும்புங்கள். காரணத்தை நடந்துகொண்டே கேட்கலாம்” என்றார்.

ஒருவர் நகைத்தார். வழிகாட்டி நகைக்கவில்லை. சுமத்திராவில் மராப்பி என்றொரு மலை உண்டு என்றும், 2023ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் அது வெடித்தபொழுது மேலே 75 பேர் இருந்தனர் என்றும், அவர்களுள் 24 பேர் மாண்டனர் என்றும் கூறினார். மாண்டவருள் மாணவர் பலர். அன்று அம்மலை நான்காம் படியிலோ மூன்றாம் படியிலோ இல்லை. இரண்டாம் படியிலேயே இருந்தது. கருவிகள் பெருந்துணை புரிவன. ஆனால் எல்லா வெடிப்பும் முன்னறிவித்து வருவதில்லை. இதனைச் சொல்லிவிட்டு அவர் உறங்கச் சென்றார். இளைஞருக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

பின்னிரவில் எழுந்து, ஜீப் வண்டியில் பெனாஞ்சாக்கன் என்னும் உயர்ந்த இடத்திற்குச் சென்றனர். கீழ்வானம் வெளுத்தது. கீழே மூடுபனி பாற்கடல்போற் பரந்து கிடந்தது. அதனுள்ளிருந்து புரோமோ வெண்புகை விட்டது. அதற்குப் பின்னே, தெற்கில், 3,676 மீட்டர் உயரமுள்ள செமேரு சாவகத்தின் முடிமலையாய் நின்றது. பிரமன் என்னும் பெயரே புரோமோ ஆயிற்று. மகாமேருவே செமேரு ஆயிற்று. தம் ஊர்க் கோயிற்கதைகளிற் கேட்ட பெயர்களை அத்துணைத் தொலைவிற் கேட்ட இளைஞர், உறவினர் வீட்டு வாயிலில் நிற்பவர்போல் உணர்ந்தார்.

பின்னர் மணற்கடலைக் கடந்தனர். பண்டைப் பெருவெடிப்புகளால் மலை உள்வாங்கி அமைந்த அகன்ற பள்ளம் அது. புல்லும் அரிதாகிய கருஞ்சாம்பல் வெளி; நடப்பார் கால் ஒவ்வோர் அடிக்கும் புதையும். அதன் நடுவே கோயில் ஒன்று உள்ளது. அதனைக் கடந்து, ஏறத்தாழ 250 படிகள் ஏறினால் 2,329 மீட்டர் உயரமுள்ள புரோமோவின் விளிம்பு. அவ்விளிம்பில் பிள்ளையார் அமர்ந்திருக்கிறார். அவர்க்குப் பின்னே நிலம் இல்லை. புகையும் முழக்கமுமே உள்ளன. கொல்லன் உலையில் துருத்தி ஊதுவது போன்ற ஒலி, ஆயின் ஓயாத ஒலி, ஆழத்திலிருந்து எழுந்து நெஞ்சில் மோதியது. இளைஞர் கைகூப்பினார். இதே இடத்தில் 2004ஆம் ஆண்டு திடீரெனக் கல் மாரி பொழிந்து இருவர் உயிரிழந்ததை வழிகாட்டி அப்பொழுதே கூறியிருந்தால், அவர் அத்துணை அமைதியாகக் கைகூப்பியிருப்பாரோ என்பது ஐயமே.

ஆண்டுதோறும் கசடா விழாவில் தெங்கர் மக்கள் இரவிலே இவ்விளிம்பிற்கு வருவர். தாம் விளைத்த காய்கறியையும் கனியையும், கோழியையும், காசையும் தீமலையின் வாயிற் படையலாக எறிவர். மகப்பேறின்றி வருந்திய முன்னோர் இருவர், மலைத்தெய்வத்தை வேண்டி இருபத்தைந்து மக்களைப் பெற்றனர் என்றும், வாக்குப்படி கடைசிப் பிள்ளையைத் தெய்வம் கேட்டுப் பெற்றுக்கொண்டது என்றும் அவர்கள் கதை கூறும். அப்பிள்ளையின் நினைவே இவ்விழா. மேலிருந்து ஒருவர் எறிவதை, உள்சரிவில் இறங்கி நிற்கும் வறியவர் வலையேந்திப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அதனைத் தெய்வக் குற்றமென எவரும் தடுப்பதில்லை என்று வழிகாட்டி கூறியபொழுது, ஐயனார் கோயிற் படையலைப் பகிர்ந்துண்ட நாட்களை இளைஞர் நினைத்துக்கொண்டார்.

இறங்கும் வழியெல்லாம் தோட்டங்கள். நிமிர்ந்து நிற்கவும் அரிதான சரிவுகளில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் செழித்திருந்தன. கருமண் கையில் எடுத்தாற் பொலபொலவென உதிர்ந்தது. எரிமலைச் சாம்பல் மழையிலும் வெயிலிலும் மக்கிப் பயிர்க்குணவாகும் பொருள்களை நிலத்திற்கு ஈவதே அச்செழிப்பிற்குக் காரணம்.

தொலைவிலே செமேருவின் உச்சியிற் சிறு புகைத்திரள் கிளம்பிற்று. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், பெருமழையும் சேர்ந்துகொள்ள, அம்மலையிலிருந்து கொதிசாம்பல் சரிந்து வந்து சிற்றூர்களை மூடியது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதனை அறிந்த இளைஞர் பொறுக்கமாட்டாதவராய், “பாக், இத்தனையும் அறிந்தும் இம்மக்கள் ஏன் இவ்விடத்தை விட்டுப் போகவில்லை?” என்று வினவினார்.

வழிகாட்டி உடனே மறுமொழி கூறவில்லை. நடந்துகொண்டே, “உங்கள் ஊரிற் புயல் வந்தது என்றீரே, மாஸ். அதன்பின் ஊரார் எல்லோரும் போய்விட்டார்களா?” என்று கேட்டார்.

“இல்லை. என் தாய் அங்கேதான் இருக்கிறார்.”

“நீங்கள்?”

இளைஞர் விடை கூறவில்லை. வழிகாட்டியும் மீண்டும் கேட்கவில்லை. ஜீப் நிற்கும் இடம்வரை இருவரும் பேசாமலே நடந்தனர்.

அன்று நாள் முழுதும் வண்டிப் பயணம். மூன்றாம் நாள் நள்ளிரவு கடந்ததும், தீவின் கீழ்க்கோடியில் உள்ள ஈஜென் மலையில் ஏறத் தொடங்கினர். மூன்று கிலோமீட்டர் ஏற்றம். கையிலே விளக்கு, கழுத்திலே முகமூடி. மேலே சென்று நோக்கினால் பள்ளத்தினுள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள ஏரி. விடிந்தபின் அது பச்சை மாமணி போல் ஒளிரும். ஆனால் அதில் உள்ளது கடும் அமிலம், கை நனைக்கலாகாது. கரையோரத்தில், பாறை வெடிப்புகளினின்று வெளிவரும் கந்தக ஆவி காற்றுப் பட்டவுடன் தீப்பற்றி, இருளிலே நீலச்சுடராய் எரியும். உலகெங்கும் இருந்து மக்கள் வருவது இந்நீலச் சுடரைக் காணவே.

குழு பாதித் தொலைவு இறங்கியிருந்தது. திடீரென வழிகாட்டி நின்று, முகத்தைத் திருப்பிக் காற்றை மோந்தார். “திரும்புக” என்றார்.

நீலச்சுடர் அப்பொழுதுதான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. இளைஞருக்கே சினம் எழுந்தது. இத்துணைப் பொருள் செலவிட்டு, இத்துணைத் தொலைவு வந்து, இன்னும் நூறு அடி இறங்கலாகாதா என்று முணுமுணுத்தார். ஆயினும் திரும்பினார். ஐம்பது படி ஏறுவதற்குள் காற்று மாறிற்று. வெண்மஞ்சட் புகை பள்ளத்தை நிறைத்து, அவர்கள் நின்ற பாறையை மறைத்தது. முகமூடியையும் மீறி அது தொண்டையை அறுத்தது, கண்ணீர் பெருகியது. விளிம்பில் அமர்ந்து அனைவரும் இருமினர்.

அப்பொழுது அப்புகையினுள்ளிருந்து ஒரு மனிதர் வெளிவந்தார். தோளிலே காவடி. காவடியின் இருபுறமும் கூடை. கூடை நிறைய மஞ்சட்கந்தகப் பாளங்கள். முகமூடி இல்லை, ஈரத்துணி ஒன்றைப் பல்லாற் கடித்திருந்தார். அவர்க்குப் பின் மற்றொருவர். அவர்க்குப் பின் வேறொருவர்.

பள்ளத்தின் அடியில் கந்தக ஆவியைக் குழாய்களில் அடக்கிக் குளிர்விப்பர். அது செந்நீராய் ஒழுகி, ஆறி, மஞ்சளாய் இறுகும். அதனைக் கடப்பாரையால் உடைத்து, 70 முதல் 90 கிலோகிராம் வரை காவடியில் ஏற்றிச் செங்குத்தான பாறைவழியே மேலே சுமந்து வருவர். எடைக்குத் தக்க கூலி. மேலிருந்து இறக்கிச் செல்லத் தள்ளுவண்டிகள் வந்துவிட்டன. பள்ளத்திலிருந்து ஏற்றுதற்குத் தோளே கருவி. சர்க்கரையை வெளுக்கவும், ரப்பரைப் பதப்படுத்தவும், வேறு பல தொழில்களுக்கும் கந்தகம் வேண்டும். தேநீரில் இடும் வெள்ளைச் சர்க்கரையைப் பார்த்து இதனை எண்ணுவார் யார்?

முதலில் வந்தவர் காவடியை இறக்கி இளைப்பாறினார். இளைஞர் அவர் இசைவு பெற்று, குனிந்து அக்காவடியைத் தோளில் ஏற்ற முயன்றார். சிமெண்டு மூட்டை சுமந்த தோள் அது. ஊரிற் சிறுவயதிலேயே தேங்காய்ச் சுமை சுமந்த தோளும் அதுவே. தூக்கி நிமிர்ந்தார். ஓரடி வைத்தார். இரண்டாம் அடி வைக்க முடியவில்லை. சுமையாளர் நகைத்து, தாமே அதனை வாங்கிக்கொண்டார். சட்டை விலகியபோது, அவர் தோளில் எலுமிச்சங்காயளவு தசை புடைத்துக் காய்த்திருந்தது தெரிந்தது. “எத்தனை ஆண்டாக?” என்று இளைஞர் கேட்டார். “என் தந்தை சுமந்தார்; நான் சுமக்கிறேன். மகன் பள்ளிக்குச் செல்கிறான்” என்று சொல்லி, அவர் இறங்கும் வழியில் நடந்தார்.

சுமையாளர் சிலர் உருகிய கந்தகத்தை ஆமை வடிவில் வார்த்துப் பயணிகளுக்கு விற்பர். இளைஞர் விலை பேசாது ஒன்று வாங்கினார். கந்தகம் தீப்பற்றும் பொருள். அதனை விமானத்திற் கொண்டு செல்லலாகாது என்று வழிகாட்டி நினைவூட்டினார். எனவே அதனை அவர் கையிலேயே கொடுத்து விடைபெற்றார் இளைஞர். நீலச்சுடரைப் பற்றி அவர் பின்னர் ஒரு சொல்லும் பேசவில்லை என்று மலாய் நண்பர் வியந்தார்.

அவ்வாண்டு பொங்கலுக்கு அவர் கறம்பக்குடி வந்தார். தாய், மகனின் பயணக் காலணியைத் திண்ணையிற் கண்டு எடுத்துத் தட்டினார். தையல் மடிப்புகளிலிருந்து கருந்தூள் உதிர்ந்தது.

“என்ன தம்பி இது?”

“எரிமலைச் சாம்பல், அம்மா. அங்கே அதில்தான் பயிர் செய்கிறார்கள்.”

“அப்படியானால் வாயிலில் ஏன் தட்ட வேண்டும்?” என்ற தாய், காலணியைத் தோப்பிற்குக் கொண்டுபோய், ஆளுயரம் தாண்டி வளர்ந்து நின்ற தென்னங்கன்று ஒன்றின் அடியில் மீதியைத் தட்டினார். மகன் பின்னாலேயே சென்று, வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டார்.