உவர்மலை இறக்கத்தில் கேட்ட ஒலி

பொறிகளைப் பற்றிப் பேசுவது இலக்கிய மன்றத்து மலருக்கு ஏற்றதன்று எனக் கருதுவோர் நம்மிடையே உளர். ஆயினும், ஒரு பொறி எழுப்பும் ஒலியைச் செவிமடுத்து அதன் பொருளை உணர்வதும் ஒருவகை வாசிப்பே என்பதை 2021ஆம் ஆண்டு விடுமுறையொன்றில் திருகோணமலையிலே கற்றுக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியரான என் தந்தையார் 1978இல் பழையதாக வாங்கிய மொறிஸ் மைனர் கார் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை உற்பத்தியான இவ்வினக் கார்கள் இலங்கை வீதிகளில் இன்றும் ஓடக் காணலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், இருப்பதைப் பேணுவதன்றி வேறு வழியும் இருக்கவில்லை. எழுபத்தெட்டு வயதிலும் அக்காரைத் தாமே ஓட்டுவதில் அப்பாவுக்கு ஒரு பெருமிதம்.

ஊருக்கு வந்த மறுநாட் காலை, உவர்மலை இறக்கத்தில் அவர் பிறேக்கை மிதித்தபோது முன்பக்கத்திலிருந்து ஒரு கரகரப்பு எழுந்தது. அம்மியில் உப்புக்கல்லை அரைப்பது போன்ற ஒலி. நான் கேட்டதற்கு, "கடற்காற்று. இரவில துருப்பிடிக்கும். ரெண்டு தரம் மிதிச்சாச் சரி" என்றார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஒருபுறம் உட்துறைமுகமும் மறுபுறம் திறந்த கடலும் சூழ்ந்த நகரம் அது. இரவின் உப்பீரத்தால் இரும்பில் மெல்லிய துரு படிவதும், முதற் சில மிதிப்பில் அது தேய்ந்து போவதும் இயல்பு. ஆனால் இவ்வொலியோ மாலையிலும் போகவில்லை. அதை நான் உணர்ந்திருந்தும் அப்பாவை மறுத்துரைக்க மனமின்றி இரண்டு நாட்கள் வாளாவிருந்தேன்.

மூன்றாம் நாள், கோட்டை வாயிலுக்கு அண்மையில், நகரில் திரியும் புள்ளிமான்களுள் ஒன்று திடீரென வீதிக்குள் நுழைந்தது. அப்பா பலமாக மிதித்தார். கார் நேரே நிற்காமல் வலப்புறம் இழுபட்டு, எதிரே வந்த லொறியின் பாதைக்குள் சென்று நின்றது. லொறிச் சாரதி விழிப்பாயிருந்தமையால் இன்று இதனை எழுதுகிறேன்.

அன்று பிற்பகலே மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். 1957 வரை பிரித்தானியர் வசமிருந்த கடற்படைத் தளத்தில் வேலைசெய்த தம் மாமனாரிடம் தொழில் பயின்றவர் அவர். கருவிப்பெட்டியைத் திறக்குமுன் கேள்விகளையே தொடுத்தார்.

"மாஸ்டர், மிதிக்கேக்க மட்டுமோ, சும்மா ஓடேக்கையும் சத்தம் கேக்குதோ?"

அப்பா விடைசொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேதான் எனக்கு உண்மை விளங்கிற்று: அவ்வொலி அவருக்குக் கேட்கவேயில்லை. துருவைப் பற்றி அவர் சொன்னது செவியால் அறிந்ததன்று. நாற்பதாண்டு அனுபவத்திலிருந்து ஊகித்தது. "மிதிக்கேக்க கூட, மற்ற நேரமும் கொஞ்சம்" என்று நானே சொன்னேன்.

பெரியவர் இரு முன்சில்லுகளின் அருகிலும் கையை வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் மிகுதியாகச் சூடேறியிருந்தது. பின்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, ஜக்கில் உயர்த்தி, சில்லையும் ட்றம்மையும் கழற்றினார். உள்ளிருந்த தூசியை ஊதவேண்டாமென என்னைத் தடுத்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கும் என்பது அவர் அறிந்ததே.

இரு பிறேக் சூக்களுள் ஒன்றின் லைனர் முற்றாகத் தேய்ந்து, அதனைப் பிணைத்த தறையாணிகள் ட்றம்மின் உட்புறத்தில் வட்டவட்டமாகக் கோடு கீறியிருந்தன. மற்றையதிலோ பாதி லைனர் எஞ்சியிருந்தது. புது லைனர் இட்டால் போதுமே என்றேன். "ஒண்டு மட்டும் ஏன் தேஞ்சது எண்டு கேக்கவேணும், தம்பி" என்றார் அவர்.

இக்காரின் முன்சில்லு ஒவ்வொன்றிலும் சூவுக்கொன்றாக இரு சிறு சிலிண்டர்கள் உள்ளன. தேய்ந்த சூவுக்குரிய சிலிண்டரில், வெளித்தள்ளப்பட்ட பிஸ்டன் துருவால் இறுகி மீளாது நின்றது. பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. அவ்வீரம் உள்ளிருந்தும், கடலுப்பு வெளியிலிருந்தும் உலோகத்தை அரித்துவிட்டன. எனவே மிதிக்காதபோதும் சூ உராய்ந்துகொண்டேயிருந்தது; அவசரத்தில் மிதித்தபோதோ இடச்சில்லு உரியவாறு பிடிக்காமையால் கார் வலப்புறம் இழுபட்டது. லைனரை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் அதே நிலை திரும்பியிருக்கும்.

சிலிண்டரை மாற்றி, கீறல்கள் ஆழமாயில்லாமையால் ட்றம்மை லேத்தில் கடைந்து, இரு முன்சில்லுகளுக்கும் புது லைனர் இட்டார். ஒருபக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமானால் பிடிப்புச் சமனாகாது. பின்னர் சாரதியின் காலடி விரிப்பை அகற்றி, அதன்கீழுள்ள மாஸ்டர் சிலிண்டரில் புது எண்ணெய் ஊற்றினார். அப்பா மிதிக்க, நான் போத்தலைப் பிடிக்க, தொலைவிலுள்ள இடப் பின்சில்லில் தொடங்கிக் குமிழிகள் நிற்கும்வரை ஒவ்வொரு சில்லிலும் காற்றை வெளியேற்றினார். தளர்ந்திருந்த மிதி இறுகிற்று.

திரும்பும் வழியில் உவர்மலை இறக்கத்தில் அப்பா மெல்ல மிதித்தார். கார் நேராக நின்றது.

"இப்ப சத்தம் இல்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை, அப்பா."

அந்தக் கேள்வியைக் கேட்பது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. அன்று முதல் அவர் தனியே காரை எடுப்பதில்லை. அம்மாவோ நானோ அருகிலிருப்போம். ஒலியைக் கேளாதிருந்தது அவர் குற்றமன்று. கேட்டும் பேசாதிருந்தது என் குற்றமே. மூத்தோரிடம் நாம் காட்டும் மரியாதை சிலவேளை அந்த லைனரைப் போன்றது. தேய்ந்து தேய்ந்து உள்ளிருக்கும் ஆணி கீறத் தொடங்கும்வரை, பேசவேண்டியதைப் பேசாமலே இருந்துவிடுகிறோம்.